மூச்சு முட்டுகிறதா? சிபேப் அழுத்தத்தைக் குறைக்கும் முன்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் நோய்க்கு, மாஸ்க் வழியே அழுத்தக் காற்றை அனுப்பும் சிபேப் மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அதிகம் கேட்கும் புகார், "மூச்சு முட்டுது" என்பது. காற்று வேகமாக வருகிறது, குறைத்துவிடலாம் என்று வீட்டில் உடனே முடிவு கட்டுகிறார்கள். பல பேருக்கு இந்த முடிவு தலைகீழானது. அழுத்தம் கூடினாலும் மூச்சு முட்டும், குறைந்தாலும் முட்டும். புதிதாகப் போடுகிறவர்களிடம் குறைவால் முட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது. இதைப் பிரித்தறியாமல் எண்ணைத் தொட்டால், மெஷின் சில வாரத்தில் பெட்டியோடு பரணேறிவிடும்.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இழுக்கும்போது முட்டுகிறதா, விடும்போது முட்டுகிறதா? படுத்து மாஸ்க்கைப் போட்டதும் "காத்தே பத்தல, உறிஞ்சி இழுக்க வேண்டியிருக்கு" என்றால் தொடக்க அழுத்தம் குறைவு. "வெளியே விட முடியல, நெஞ்சை எதிர்த்துத் தள்ளுது" என்றால் மூச்சு விடும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி தேவைப்படலாம், அல்லது அழுத்தம் உண்மையிலேயே அதிகம். "ராத்திரி நடுவில் திடீர்னு முகத்துல புயல் அடிக்குது" என்பது பெரும்பாலும் கசிவு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

குறைந்த அழுத்தத்தில் ஏன் முட்டுகிறது? மாஸ்க்கின் முன்பக்கம் சிறு துளைகள் இருக்கும். நாம் விடும் கரியமில வாயு அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அழுத்தம் கூடக்கூட அவற்றின் வழியே போகும் காற்றும் கூடும். 4 செ.மீ. அழுத்தத்தில் (இந்த அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில் அளப்பார்கள்) அந்த ஓட்டம் மிகக் குறைவு. தொண்டையும் இன்னும் பாதி அடைத்தே இருக்கும். கனத்த உடம்புக்காரர் இந்த நிலையில் மூச்சிழுத்தால் போதாமல்தான் இருக்கும். 4 என்பது பெரும்பாலான மெஷின்களின் மிகக் குறைந்த அளவு, 20 உச்ச அளவு. தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் தானியங்கி மெஷின்கள் கம்பெனியிலிருந்து வரும்போது 4 முதல் 20 வரை அகலத் திறந்து வைக்கப்பட்டே வருகின்றன.

செட்டிநாட்டுப் பக்கம் அது அப்படியே கிடந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்துக்காரர்கள் இரவு முழுக்க ஆய்வுக்கூடத்தில் படுத்து எடுக்கும் தூக்க ஆய்வுக்குப் பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். போக முடியாத முதியவர்களுக்கு வீட்டிலேயே ஒரு இரவுச் சோதனை செய்து, நோய் உறுதியானதும் தானியங்கி மெஷினைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வழி, சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகன் அப்பச்சிக்கு அங்கிருந்தே வாங்கி அனுப்புவது. அந்த மெஷினின் இணையக் கணக்கு அங்குள்ள விற்பனையாளரிடம் இருக்கும். இங்குள்ள டாக்டரால் அறிக்கையைப் பார்க்க முடியாது. மெமரி கார்டை உருவி எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. மின்சாரத்துக்குக் கவலை வேண்டாம், அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக்கின் முள் மட்டும் மாறும்.

இந்த மெஷின் ஆக்சிஜன் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறைக் காற்றையே உறிஞ்சி, அழுத்தம் கூட்டி, மூக்கு வழியே அனுப்புகிறது. தூங்கும்போது நாக்கின் அடியும் மென் அண்ணமும் தளர்ந்து தொண்டையை மூடுவதை அந்த அழுத்தம் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் வெளியிட்ட முறை இது. 10 செ.மீ. அழுத்தம் என்றால், ஒரு குழாயை வாளித் தண்ணீரில் 10 செ.மீ. ஆழம் அமிழ்த்தி ஊதும்போது குமிழி வர எவ்வளவு தம் வேண்டுமோ அவ்வளவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 1 சதவீதம். நுரையீரல் வெடித்துவிடுமோ என்று ஆச்சிமார் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்தில் அளவைக் கண்டுபிடிப்பது எளிய முறைதான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2008 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு 4இல் தொடங்கி, மூச்சுத் தடைகள் தொடர்ந்தால் குறைந்தது 5 நிமிட இடைவெளிவிட்டு 1 செ.மீ. ஆவது ஏற்றிக்கொண்டே போவார்கள். முழுத் தடை, பாதித் தடை, குறட்டை எல்லாம் அடங்கும் இடத்தில் நிறுத்துவார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போதும், கனவுத் தூக்கத்திலும் அந்த அளவு தாங்குகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முழுமை. இந்த இரண்டும் சேரும் நேரத்தில்தான் தொண்டை மிக எளிதில் மூடும். ஒருக்களித்துப் படுத்தே ஆய்வை முடித்தவருக்குக் கிடைத்த எண், வீட்டில் மல்லாந்து படுத்தால் போதாமல் போகலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். அழுத்தத்தைத் தொடும் முன் கசிவைச் சரிசெய்ய வேண்டும். இதில் வரிசை மாறக்கூடாது. காற்று ஓரமாகக் கசிந்தால் மெஷினால் மூச்சின் வடிவத்தைச் சரியாகப் படிக்க முடியாது. அழுத்தம் ஏறினால் கசிவு இன்னும் கூடும், தூக்கம் கலையும், காலையில் "அழுத்தம் தாங்கல" என்ற புகார் வரும். அறிக்கையில் கசிவு என்ற கட்டத்தைப் பாருங்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷின்கள் மாஸ்க் துளை வழியே போக வேண்டிய காற்றைக் கழித்துவிட்டு, கூடுதல் கசிவை மட்டும் காட்டும். அதில் 95 சதவீத எண் (இரவில் 95 சதவீத நேரம் கசிவு இந்த அளவைத் தாண்டவில்லை என்று பொருள்) நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும். பிலிப்ஸ் மெஷின்களில் பல, துளை வழிக் காற்றையும் சேர்த்தே மொத்தமாகக் காட்டும். அங்கே 35 என்று பார்த்து அலற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மெஷினோடு எண்ணை ஒப்பிட்டுக் குழம்புவது இதனால்தான்.

மாஸ்க்கை உட்கார்ந்து கட்டிப் பார்ப்பது வீண். படுத்தால் கன்னம் சரியும், முகத்தின் வடிவமே மாறும். மெஷினில் மாஸ்க் பொருத்தம் பார்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு, இராத்திரி வரும் அழுத்தத்திலேயே, படுத்த வாக்கில், இடமும் வலமும் புரண்டு சரிபார்க்க வேண்டும். சிலிக்கான் மெத்தை காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்டும். வாரை இறுக்கினால் அது நசுங்கி, மூக்கெலும்பில் புண் வந்ததுதான் மிச்சம், கசிவு நிற்காது. முதலில் எல்லா வாரையும் தளர்த்தி, மெத்தையை முகத்திலிருந்து சற்று இழுத்து விட்டு உப்ப வைத்து, பிறகு கீழ் வார், மேல் வார் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நம் பழக்கங்களில் சில இதற்கு எதிரி. தலைக்கும் முகத்துக்கும் தடவிய தேங்காய் எண்ணெய் சிலிக்கானை வழுக்க வைக்கும், நாளடைவில் பிசுபிசுப்பாக்கிக் கெடுக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று மாஸ்க் நகர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிட வேண்டும். பவுடர் பூசிக்கொண்டு படுப்பதும் கூடாது. மூக்குத்தி போட்டவர்களுக்கு மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கில் திருகின் விளிம்பு மெத்தையைத் தூக்கிவிடும். அந்த ஒரு இடத்தில் காற்று கண்ணை நோக்கி அடிக்கும். இரவில் மூக்குத்தியைக் கழற்ற மனமில்லாதவர்கள், மூக்கின் பக்கவாட்டைத் தொடாமல் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைப் பார்க்கலாம். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவர்களுக்குக் கன்னம் உள்வாங்கும். மாஸ்க் அளவு பார்க்கும்போதும் பல்செட் இல்லாமல்தான் பார்க்க வேண்டும். கடையில் இதை யாரும் கேட்பதில்லை.

வாய் திறந்து தூங்குபவர்களுக்கு மூக்கு மாஸ்க்கில் காற்று வாய் வழியே ஓடிவிடும். காலையில் நாக்கு காய்ந்து கட்டையாக இருக்கும். மூக்கடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூக்கு அடைத்திருக்கும்வரை எந்த வாரும், தாடைப் பட்டையும் வாயை மூடி வைக்காது.

கசிவு அடங்கியபின் எண்களுக்கு வரலாம். தானியங்கி மெஷின் ஒரு வாரம், பத்து நாள் ஓடினால் அறிக்கையில் மூன்று எண்கள் கிடைக்கும்: நடுநிலை அழுத்தம் (பாதி நேரம் இதற்குக் கீழே, பாதி நேரம் மேலே), 95 சதவீத அழுத்தம் (சில மெஷின்களில் 90), மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்ற ஏஎச்ஐ. ஓர் எடுத்துக்காட்டு: குறைந்தது 4, உச்சம் 20 என்று இருக்கும் மெஷினில் நடுநிலை 8.4, 95 சதவீதம் 11.2, ஏஎச்ஐ 6.8 என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்குத் தேவைப்படும் இடம் 8க்கும் 11க்கும் நடுவில்தான். ஆனால் தூங்கத் தொடங்கும்போதெல்லாம் அது 4இலிருந்து ஏறி வருகிறது. மூச்சு அடைக்கத் தொடங்கிய பிறகே அது ஏறத் தொடங்கும், ஏறவும் சில நிமிடம் பிடிக்கும்; அதற்குள் நாலைந்து தடை வந்துவிடும். குறைந்த அளவை 7.5 அல்லது 8க்கு ஏற்றினால், தடைகளும் குறையும், தொடக்கத்தில் முட்டுவதும் நிற்கும். உச்சத்தை 13, 14 என்று சுருக்கினால் நள்ளிரவுப் புயலும் அடங்கும். 4இலிருந்து 8க்கு ஒரே நாளில் தாவாமல், 0.5 அல்லது 1 செ.மீ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலைந்து இரவாவது கொடுத்து அறிக்கையைப் பார்ப்பது நல்லது. ஒரே இரவில் அழுத்தம், மாஸ்க், ஈரப்பதம் மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஏஎச்ஐ 5க்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 7 மணி நேரத் தூக்கத்தில் ஏஎச்ஐ 3 என்றால் மொத்தம் 21 தடைகள். அவை இரவு முழுக்கச் சிதறியிருந்தால் பெரிய விஷயமில்லை. 21ம் விடியற்காலை 4 மணிவாக்கில் முக்கால் மணி நேரத்தில் குவிந்திருந்தால், அது பெரும்பாலும் மல்லாந்து படுத்த கனவுத் தூக்கம். காலையில் தலைவலியோடு எழுந்திருக்கலாம். மெமரி கார்டைக் கணினியில் போட்டு ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், பல மெஷின்களுக்கு நிமிடவாரியாகப் படம் வரும். கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிட்டுக் கணினியில் செருகுங்கள். இல்லையென்றால் கணினி அதில் எதையாவது எழுதிவிடலாம். திரும்ப மெஷினில் செருகும் முன் பூட்டை எடுக்க மறக்கக்கூடாது.

அழுத்த எல்லைகள் மெஷினில் டாக்டருக்கான தனிப் பகுதியில் இருக்கும்; நோயாளிக்குத் தெரியும் திரையில் ஏற்றப் பாதை, மூச்சுத் தளர்வு, ஈரப்பதம் இவைதான். ரகசியக் குறுக்குவழி இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் ஆளாளுக்குத் திருகுவது எனக்கு உடன்பாடில்லை. அறிக்கையை வாட்ஸாப்பில் டாக்டருக்கு அனுப்பி, எண்ணைக் கேட்டு மாற்றுங்கள். இதய பலவீனம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஓபியம் வகை வலி மருந்து, இதில் ஏதாவது இருந்தால் அரை செ.மீ. கூடக் கேட்காமல் மாற்றக்கூடாது.

ஏற்றப் பாதை என்பது மெஷினைப் போட்டதும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி, ரேம்ப் என்பார்கள். பொதுவாக 5 முதல் 45 நிமிடம் வரை வைக்கலாம். 4இல் தொடங்கி 45 நிமிடம் என்று வைத்தால், 10 நிமிடத்தில் தூங்கிப்போகிறவர் மீதி 35 நிமிடம் போதாத அழுத்தத்தில் குறட்டையும் தடையுமாகக் கிடப்பார். நடுவில் எழுந்து பாத்ரூம் போய்வந்து மறுபடி போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. தொடக்கத்தை 6க்கு ஏற்றி நேரத்தை 15, 20 நிமிடமாகக் குறைத்தால் பலருக்கு அதுவே போதும். தூங்கியதைக் கண்டுபிடித்துத் தானே ஏறும் வகை மெஷினில் இருந்தால் அதை வையுங்கள்.

மூச்சு விடும்போது முட்டுகிறவர்களுக்கு மூச்சுத் தளர்வு வசதி. ரெஸ்மெட்டில் ஈபிஆர், பிலிப்ஸில் ஃப்ளெக்ஸ் என்ற பெயரில் 1, 2, 3 என்று மூன்று படி. ஈபிஆரில் ஒவ்வொரு படியும் மூச்சு விடும்போது 1 செ.மீ. குறைக்கும். ஃப்ளெக்ஸில் அந்த எண்கள் செ.மீ. அல்ல, விடும் மூச்சின் வேகத்துக்கேற்பத் தளர்த்தும் அளவு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்வதில், மூச்சு விட்டு முடியும் தருணத்தின் அழுத்தத்துக்குப் பெரும் பங்கு. அழுத்தம் 7, ஈபிஆர் 3 என்றால் விடும்போது 4தான் இருக்கிறது. ஈபிஆரை 3க்கு வைத்ததும் சுகமாக இருக்கிறது, ஆனால் ஏஎச்ஐ ஏறிவிட்டது என்று சொல்லும் இடமெல்லாம் இதுதான் நடந்திருக்கும். படியை 2க்கு இறக்க வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்தை 1 செ.மீ. போல ஏற்ற வேண்டும். 15க்கு மேல் தேவைப்பட்டு, விடும் மூச்சு தாங்கவே முடியவில்லை என்றால் இரண்டு அழுத்தம் தரும் பைபேப் பற்றி டாக்டரிடம் கேட்கும் நேரம் அது.

வயிறு உப்புசம் இன்னொரு பெரிய தொல்லை. காற்று உணவுக்குழாய் வழியே இறங்கி, காலையில் வயிறு மத்தளம்போல் இருக்கும், ஏப்பம் ஓயாது. இங்கேதான் அழுத்தத்தைக் குறைப்பது உண்மையிலேயே உதவும். உச்சத்தை 1, 2 செ.மீ. இறக்கிப் பார்ப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் பலன் தரும். கல்யாண வீட்டு விருந்தை இரவு 10 மணிக்கு முடித்துவிட்டுப் பத்தரைக்கு மாஸ்க் போட்டால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதற்கு வைத்தியம் செய்யாமல் அழுத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் குறட்டை திரும்பிவிடும்.

அழுத்தத்தை ஏற்றினால் ஏஎச்ஐ குறையாமல் கூடுகிறதா? அறிக்கையில் தடைகள் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். தொண்டை அடைத்து நிற்பது ஒன்று, மூளை மூச்சிழுக்கச் சொல்லாமல் நிற்பது மற்றொன்று. இரண்டாம் வகைக்கு மையத் தடை, சென்ட்ரல் அப்னியா என்று பெயர். இதற்கு அழுத்தம் ஏற்றுவது மருந்தல்ல, சிலருக்கு அதுவே காரணம். புதிதாக சிபேப் தொடங்கிய சிலருக்கு இது தலைகாட்டி, ஓரிரு மாதத்தில் தானே அடங்குவதும் உண்டு. மணிக்கு 5க்கு மேல் தொடர்ந்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். மையத் தடைக்கென்று விற்கும் ஏஎஸ்வி மெஷினை, இதயத் துடிப்பாற்றல் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள இதய பலவீனக்காரர்களுக்குக் கொடுத்தபோது இதய நோயால் நேர்ந்த மரணம் கூடியதாக 2015இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இதயத்துக்கு எதிரொலிப் பரிசோதனை (எக்கோ) எடுக்காமல் அதை வாங்கக்கூடாது.

ஈரப்பதமும் அழுத்தத் தொல்லைபோலவே வேடம் போடும். காய்ந்த காற்றில் மூக்குச் சவ்வு வீங்கி அடைக்கும், அதனாலும் மூச்சு முட்டும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக் கொடகொடவென்று சத்தம் வந்தால் ஈரப்பதப் படியை ஒன்று குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணி உறை போடுங்கள். சூடாகும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தை ஏற்றுங்கள். மெஷின் தலைமட்டத்துக்கு மேலே இருக்கக்கூடாது, தண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கும். வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் மெஷினைத் தரையிலேயே வைத்தால் செம்மண் தூசியையெல்லாம் உறிஞ்சும். ஒரு மணைப்பலகை உயரம் போதும். ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள்.

தொட்டியில் போர்த் தண்ணீர் ஊற்றினால் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். காய்ச்சி ஆறவைத்தாலும் உப்பு போகாது. வாசலில் பிடித்த மழைத் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் ஓட்டில் விழுந்த பறவை எச்சமும் அதில்தான் கலந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் வாலைவடிநீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) சரி. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் மூச்சுக்காகத் தயாரித்ததல்ல. படிந்த உப்பை 1 பங்கு வெள்ளை வினிகருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம். மிஞ்சிய தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, வீட்டு இன்வெர்ட்டரே போதும். சைன்வேவ் வகையாக இருந்தால் அடாப்டருக்கு நல்லது. அதிகம் மின்சாரம் தின்பது ஈரப்பதச் சூடேற்றியும் சூடாகும் குழாயும்தான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரையில் மெஷினைக் கொண்டுபோகிறவர்கள் அவை இரண்டையும் அணைத்துவிட்டால் அதே பேட்டரி பல மணி நேரம் கூடத் தாங்கும். கார் பேட்டரி 12 வோல்ட், மெஷின்களில் பல 24 வோல்ட். அந்த மெஷினுக்கே உரிய மாற்றி இல்லாமல் இணைக்கக்கூடாது.

ஒருமுறை சரியாக அமைந்த எண்ணும் நிரந்தரம் இல்லை. உடல் எடை பத்தில் ஒரு பங்கு ஏறினாலோ இறங்கினாலோ, மூக்கில் அறுவைச் சிகிச்சை செய்தாலோ, தூக்க மாத்திரை புதிதாகத் தொடங்கினாலோ, மாஸ்க் வகையையே மாற்றினாலோ மறுபடி அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

உறவுக்காரர் பயன்படுத்திய மெஷினை வாங்கிப் போடுவதும் நம் ஊரில் சகஜம். பழைய ஆளின் அழுத்தம் அதில் அப்படியே பதிந்திருக்கும். உங்கள் டாக்டர் எழுதிய எண்ணோடு ஒப்பிடாமல் முதல் இரவு படுக்காதீர்கள். பிலிப்ஸ் நிறுவனம் சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு பொடிந்து காற்றில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் தன் பழைய மாடல்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. வரிசை எண்ணைப் பார்த்து அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றையும் புதிதாகவே வாங்க வேண்டும்.